இருந்திருந்தால் என்று சொல்வதற்கு முன்: காருகுறிச்சியாரைக் கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. எங்கள் ஊரில் அவர் பெயரை எடுத்தால் இரண்டு வாக்கியம் நிச்சயம் வரும். ஒன்று, "சிங்காரவேலனே வாசிச்சவருல்லா". இரண்டாவது, "மனுஷன் மட்டும் இருந்திருந்தா...". இரண்டாவது வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரைப் பற்றி நானும் ஒரு குறிப்பு எழுதினேன். எழுதியபோது நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். ஊருக்குப் போனபோது அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். பெரியப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். இளவட்ட வயதில் காருகுறிச்சியாரை நேரில் கேட்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்க வாசித்தார். பிறகு கேட்டார்:

"எய்யா, இருந்திருந்தா இருந்திருந்தான்னு நாலு எடத்துல எழுதியிருக்க. அவரு இருக்கும்போது வாசிச்சத எத்தன மணி நேரம் கேட்டுருக்க?"

"கேட்டிருக்கேன் பெரியப்பா."

"எத்தன மணி நேரம்னு கேட்டேன்."

கணக்குப்பிள்ளை கேள்வி. வீட்டுக்கு வந்து உண்மையிலேயே கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் தேறவில்லை. அதிலும் பாதி ஒரே சினிமாப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு, வாசிக்காமல் போனதற்காக நாலு பக்கம் அழுதிருக்கிறேன்.

இந்தக் குறிப்பு அந்தப் பழைய குறிப்பைத் திருத்துவதற்காக எழுதுவது.

1. ஏழு வருஷம்

முதலில் தெரிந்த விஷயங்களை வைத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையில், பத்தமடைக்கு அடுத்தாற்போல் இருக்கிற காருகுறிச்சியில் 1921-ல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அவரோடு உட்கார்ந்து வாசித்தவர். பின்னால் கோவில்பட்டிக்கு வந்து குடியேறினார். 1964 ஏப்ரலில் காலமானார். 43-ஐத் தொட்டும் தொடாத வயது.

குரு ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956 டிசம்பரில். ஆக, குரு இல்லாத மேடையில் காருகுறிச்சியாருக்குக் கிடைத்தது ஏழு வருஷமும் சில மாதமும். ரசிகர்களின் சோகம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஆலமரம் சாய்ந்த பிறகு வெயில் வாங்கி வளர ஆரம்பித்த கன்று, அதுவும் பட்டுப்போச்சு என்கிற மாதிரி ஒரு சித்திரம். நானும் கிட்டத்தட்ட இதே உவமையைத்தான் அப்போது எழுதியிருந்தேன்.

இந்தச் சித்திரத்தில் ஒரு தப்பு இருக்கிறது. 35 வயதில் ஒரு நாயனக்காரர் கன்று இல்லை. சின்ன வயதிலேயே சீவாளியை வாயில் வைத்தவருக்கு அந்த வயதில் கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கும். நாகஸ்வரம் மூச்சை நம்பியிருக்கிற வாத்தியம். வாய்ப்பாட்டுக்காரருக்கு 60 வயதில் ஒரு கனிவு வரலாம். நாயனத்தில் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற தம் அதற்குப் பிறகு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அவர் வளர்ந்துகொண்டிருந்தபோது செத்தார் என்கிறோம். அவர் உச்சத்தில் இருந்தபோது செத்தார் என்பதற்கும் அதே அளவு நியாயம் இருக்கிறது. இரண்டில் எது என்று வாசிப்பைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். வயதைக் கழித்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

'இருந்திருந்தால்' என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜியின் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குத் திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். காருகுறிச்சியார் இருந்திருந்தால் அவர்தான் வாசித்திருப்பார் என்று எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். வாசித்திருக்கலாம், வாசிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் இதைச் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? உண்மையில் வாசித்த இரண்டு பேரின் வேலையை, வாசிக்காத ஒருவருடைய நிழலில் நிறுத்துகிறோம். படத்தில் அவர்கள் வாசித்ததை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். இன்னொருவருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தவர்களின் வாசிப்பா அது?

2. சிங்காரவேலனே

1962 பொங்கலுக்கு வந்த 'கொஞ்சும் சலங்கை'. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. எஸ். ஜானகி பாட, காருகுறிச்சியார் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு. அறுபது வருஷம் தாண்டியும் கோயில் கொடையில், கல்யாண மண்டபத்தில், ஆர்கெஸ்ட்ராவில் ஓய்ந்தபாடில்லை. அந்தப் பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

ஆனால் பாட்டின் கட்டமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். குரல் ஒரு சங்கதியைக் கொடுக்கும், நாயனம் அதைத் தொடும். நாயனம் ஒன்றைக் கொடுக்கும், குரல் தொடும். போகப் போக இடைவெளி சுருங்கி ஸ்வரங்கள் விறுவிறுவென்று மாறி மாறி விழும். ஒருவரை ஒருவர் அச்சாகப் பிடிப்பதுதான் அதில் இருக்கிற வேடிக்கை. குரல் நாயனமாகிவிட்டதா, நாயனம் குரலாகிவிட்டதா என்று நாம் வாயைப் பிளக்கிறோம். இதில் நாயனக்காரரிடம் கேட்கப்படுவது துல்லியம், வேகம், சுருதி சுத்தம். மூன்றையும் அவர் கொடுக்கிறார். கேட்கப்படாதது ஒன்று உண்டு: நேரம். ஒரு ராகத்தை எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு நேரம் ஒரு ஸ்வரத்தில் நிற்பது, எப்போது மேலே ஏறுவது என்று முடிவு செய்கிற அதிகாரம் அவர் கையில் இல்லை. அது இசையமைப்பாளரின் கையில், படத்தின் நீளத்தின் கையில்.

பெரிய மேளத்தில் அந்த அதிகாரம்தான் எல்லாம். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்று சொல்கிறோம் என்றால், சொல்ல வருவது வேகத்தை இல்லை, அந்த அதிகாரத்தை. அந்தப் பள்ளியில் படித்தவரை, நேரமே இல்லாத ஒரு பாட்டை வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். நாலு வரி சுவர் விளம்பரம் எழுதியதை வைத்து ஒரு நாவலாசிரியரை மதிப்பிடுகிற மாதிரி. விளம்பரம் பிரமாதம்தான்.

இன்னொன்று. படத்தில் அந்த நாயனத்தோடு வருகிற முகம் ஜெமினி கணேசனுடையது. எங்கள் வீட்டிலேயே இரண்டு தலைமுறைக்கு அந்த ஓசையைக் கேட்டால் ஜெமினி முகம்தான் வருகிறது.

3. எங்கள் பக்கத்து மூன்று பேர்

சின்ன வயதில் போனவர்களை எங்கள் வட்டாரம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று யோசித்தபோது இன்னும் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஒருவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கம். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடியவர். 1891-ல் போனபோது வயது 26. அவர் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இருந்தாலும் கழுகுமலைக்குக் காவடி எடுக்கிறவர்கள் காலில் அந்தத் தாளம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கச்சேரி மேடையில் கடைசியில் செஞ்சுருட்டியில் காவடிச்சிந்து வந்தால் சபை நிமிர்ந்து உட்காருகிறது. இடைசெவல் கு. அழகிரிசாமி அதைப் பதிப்பித்தார். இவரைப் பற்றி யாரும் டீக்கடையில் 'இருந்திருந்தா' என்று பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை. அவர் விட்டுப்போனது அன்றாடம் கையில் புழங்குகிற சாமானாக ஆகிவிட்டது. புழக்கத்தில் இருக்கிற சாமானுக்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

இரண்டாவது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்து 1933-ல், 27 வயதில் போனார். தமிழ் பேசும்படம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் திரைக்கு வராமலே போய்விட்டார். இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஆனால் ஜனங்கள் அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் கே.பி. சுந்தராம்பாள் வழியாக. அவர் போன பிறகு அந்த அம்மாள் வெள்ளைச் சேலைக்கு மாறியது, ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தது, 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷமே போட்டது, இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கிட்டப்பாவின் ஒரு தட்டைக் கேட்டவர்கள் அதில் எத்தனை பேர்? அங்கே காதல் கதை பாட்டை மூடிவிட்டது.

மூன்றாவது காருகுறிச்சியார். ஒருவரைப் புழக்கம் காப்பாற்றியது. ஒருவரைக் கதை காப்பாற்றியது, பாட்டை மறைத்தும் விட்டது. இவரை ஒரு சினிமாப் பாட்டும் ஒரு சிலையும் காப்பாற்றுகின்றன. ஆனால் மற்ற இருவருக்கும் இல்லாத ஒரு வசதி இவருக்கு உண்டு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் ஏறாது. கிட்டப்பா அதற்குள் அடைபட்டார். காருகுறிச்சியார் காலத்தில் ஸ்பூல் டேப் வந்துவிட்டது. வானொலியும் இருந்தது. அவர் நிதானமாக, தன் நேரத்தில் வாசித்த வாசிப்பு நம்மிடம் இருக்கிறது. குறைவாக இருக்கலாம், தேய்ந்திருக்கலாம். ஆனால் இருக்கிறது. 'இருந்திருந்தால்' என்று சொல்ல மூன்று பேரில் குறைந்த உரிமை உள்ளது காருகுறிச்சியாரின் ரசிகர்களான நமக்குத்தான்.

4. அரைக்கட்டை

பெரியப்பாவின் கேள்விக்குப் பிறகு பதிவுகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். பல கை மாறி வந்தவை. ஸ்பூலில் இருந்து கேசட், கேசட்டில் இருந்து கேசட், அதில் இருந்து எம்பி3. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே தோடி ஆலாபனை இரண்டு பேரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே வாசிப்புதான், சந்தேகமே இல்லை. நடுவில் யாரோ இருமுவது உட்பட. ஆனால் ஒன்று மற்றதைவிட அரைக்கட்டை மேலே இருந்தது.

காரணம் சிக்கலானது இல்லை. டேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். கூடவே அரை மணி நேர வாசிப்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிஷம் காணாமல் போகும். பிருகா வேகமாகும். கமகம் நடுக்கமாகும். இரண்டு பிடிக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குகிற இடம் சுருங்கும். மோட்டார் தேய்ந்தாலோ, வேறு மெஷினில் பதிந்ததை இன்னொன்றில் ஓட்டினாலோ இது சகஜம்.

எது சரியான வேகம்? மின்சாரத்தால் வருகிற ரீங்காரம் பழைய பதிவுகளில் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 சுற்று. ரீங்காரம் 53-ல் இருந்தால் டேப் வேகமாக ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். உயரமான பிரதியை ஆடியோ எடிட்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று 50-ல், இன்னொன்று 53-ஐ ஒட்டி. முதலாவது கடைசியாகப் பிரதி எடுத்தபோது ஏறியது, இரண்டாவது அதற்கு முந்தைய மூலத்தில் இருந்தது என்பது என் அனுமானம். அந்தக் காலத்து மின்சாரமும் அப்படி ஒன்றும் நிலையாக இருந்ததில்லை, அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 6 சதவீதம் இறக்கியதும் இரண்டு பிரதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

வேகத்தைக் குறைத்த தோடியை அடுத்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்குப் போட்டேன். காது மந்தமாகிவிட்டது, ஹெட்போன் மாட்டிவிட்டேன். முதலில் பழைய வேகம், பிறகு புதியது. எது எது என்று சொல்லவில்லை. இரண்டாவதில் ஐந்தாறு நிமிஷம் போனதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இதுல மூச்சு சரியா இருக்கு. அதுல யாரோ பின்னால வெரட்டுத மாதிரி இருந்துச்சு."

"நீங்க நேர்ல கேட்டது இப்படித்தானா பெரியப்பா?"

"அறுவது வருசம் ஆச்சேய்யா. அப்படித்தான்னு எப்படிச் சத்தியம் பண்ண? ஆனா அவரு அவசரப்பட மாட்டாரு. அது மட்டும் தெரியும்."

ஒரு கிழவரின் ஞாபகம் அத்தாட்சி ஆகாது. அவரே அதைச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு வலுத்துவிட்டது. காருகுறிச்சியாரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், நான் உட்பட, அவரது 'அசுர வேகம்' என்று எழுதுகிறோம். பாதி வேகம் சிங்காரவேலனேயில் இருந்து வந்தது. மீதியில் எவ்வளவு தேய்ந்த மோட்டார்களிடமிருந்து வந்தது?

5. என் காதுக்குக் கேட்பது

திருத்திய பிரதியை இந்த இரண்டு வருஷத்தில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் அடுத்து எங்கே போவார் என்று தெரியாது. சட்டென்று ஒரு பிடி மேலே பாயும், நாம் சுதாரிப்பதற்குள் கீழே இருப்பார். கேட்கிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருந்துகொண்டே இருக்கும். சீடரின் தோடியில் பயம் இல்லை. அவர் இடத்தைத் துப்புரவு செய்துவிட்டுத்தான் உட்காருகிறார். காந்தாரத்துக்கு வர அவசரமில்லை. வந்த பிறகு அதை விட்டுப் போகவும் அவசரமில்லை. துத்துகாரத்தின் முனை மழுங்கி, ஓசை உருண்டையாக வருகிறது. ஊதுகிற வாத்தியம் என்பது மறந்து, வில் போட்டு இழுக்கிற வாத்தியம் மாதிரி நீண்ட பிடிகள். ஒரு பிடி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் விடுகிற இடைவெளியும் வாசிப்பில் சேர்த்திதான். 6 சதவீத வேகத்தில் முதலில் அடிபடுவது அந்த இடைவெளி.

இதைக் கேட்டுவிட்டு 'குருவின் நிழல்' என்று எழுத முடியாது. குருவின் ராகத்தை எடுத்துக்கொண்டு, குருவின் சுபாவத்தை விட்டுவிட்டார். அது முதிர்ந்த கலைஞர் எடுக்கிற முடிவு.

குறையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் போனவர்களைப் பற்றி யாரும் குறை எழுதுவதில்லை. செத்த வீட்டில் பேசுகிற மாதிரியே அறுபது வருஷமும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கிடைத்த பதிவுகளை வைத்துச் சொன்னால், ஆலாபனையில் இருக்கிற அந்த நிதானம் கல்பனைஸ்வரத்தில் சில சமயம் வெறும் ஒழுங்காக மாறிவிடுகிறது. குறைத்துக்கொண்டே வந்து கோர்வை வைக்கிற இடம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பிடித்த சில பிடிகளுக்கு அவர் திரும்பத் திரும்பப் போகிறார். ராஜரத்தினம் பிள்ளையிடம் இருக்கிற அந்த ஆபத்து இவரிடம் இல்லை என்பது பெரும்பாலும் பலம், சில இடத்தில் நஷ்டம். இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. குறை சொல்லும் அளவுக்கு ஒருவரைக் கேட்டிருக்கிறோம் என்பதும் மரியாதைதான்.

6. வெட்டியெறிந்தது

அமெரிக்காவில் சார்லி பார்க்கர் என்று ஒரு சாக்ஸபோன் மேதை. 1955-ல் 34 வயதில் போனவர். அவருக்கு டீன் பெனடெட்டி என்று ஒரு ரசிகர், அவரும் சாக்ஸபோன் வாசிப்பவர். 1947, 48-ல் பார்க்கர் வாசித்த கிளப்களுக்குப் பதிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். பார்க்கர் தனியாக வாசிக்கும்போது மட்டும் ஓடவிட்டார், மற்றவர்கள் வாசிக்கும்போது நிறுத்திவிட்டார். பல வருஷம் கட்டுக்கதை போல் பேசப்பட்ட அந்தப் பதிவுகள் 1990-ல் வெளிவந்தன. பார்க்கரின் எவ்வளவோ வாசிப்பு அந்த ஒரு ரசிகரின் பைத்தியத்தால் பிழைத்திருக்கிறது. கூட வாசித்தவர்கள் அதில் வெட்டுப்பட்டுப் போனார்கள்.

என்னிடம் இருக்கிற காருகுறிச்சியார் பதிவுகளிலும் இதே வெட்டு இருக்கிறது. தவில் தனி ஆரம்பிக்கிற இடத்தில் டேப் நிற்கிறது, அடுத்த உருப்படியில் ஓடுகிறது. நாடா விலை அதிகம், மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் பெரிய மேளம் என்பது நாயனம் மட்டும் இல்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1933-ல் பிறந்து 1975-ல் மறைந்த தவில் மேதை. காருகுறிச்சியாரைப் போலவே நாற்பதுகளின் தொடக்கத்தில் போனவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த பிறகுதான் என்னைப் போன்ற பலருக்கு அவர் யார் என்றே தெரிந்தது. நாயனக்காரருக்காக அழுகிற ரசிகன் தவில்காரர் வாசித்ததை மிச்சம் பிடித்துவிட்டான். 'இருந்திருந்தால்' என்று பேசுகிறபோது இருந்தும் நாம் வைத்துக்கொள்ளாததைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

7. இனி

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள். கோவில்பட்டிக்குப் பக்கம். இரண்டு பேருமே 1923-ல் பிறந்தவர்கள், இரண்டு பேருக்குமே இசைப் பித்து. அழகிரிசாமி 1970-ல், 46 வயதில் போனார். கி.ரா. 2021 வரை இருந்தார். அது காருகுறிச்சியாரின் நூற்றாண்டு வருஷமும்கூட. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. நண்பன் போய் அரை நூற்றாண்டு கி.ரா. இருந்தார். அந்தக் காலத்தில் 'அவன் இருந்திருந்தால்' என்று எத்தனை தடவை நினைத்தாரோ, நமக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது அவர் பத்திரமாக வைத்திருந்த கடிதங்கள். எனக்கு இப்போது ரசிகனின் வேலை என்று தோன்றுவது இதுதான். வைத்திருப்பது.

அதனால் சில கோரிக்கைகள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் பழைய கல்யாண வீட்டு ஸ்பூல் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், நாடா பொடிந்துவிடும். பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுக்கும்போது தவில் தனி, பேச்சு, இருமல், எல்லாவற்றையும் விட்டுவையுங்கள். வேகத்தைத் திருத்தினால் திருத்தாத பிரதியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், என் அனுமானம் தப்பாக இருக்கலாம். பெட்டியின் மேல் பேனாவில் எழுதியிருக்கிற ஊர், தேதி, யார் வீட்டுக் கல்யாணம் என்பதையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

நேரில் கேட்டவர்களில் சின்னவர்களுக்கே எண்பதை நெருங்குகிறது. அவர்களிடம் "எப்படி வாசிச்சார்?" என்று கேட்டால் "அடடா" என்பார்கள், அதோடு முடிந்தது. எந்த ஊர், எந்த மாசம், என்ன ராகம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், தவில் யார், மைக் இருந்ததா என்று கேளுங்கள். கணக்குப்பிள்ளை மாதிரி கேளுங்கள்.

பெரியப்பாவிடம் நான் அப்படிக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை மூன்று கச்சேரி தேறியிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் கல்யாணி வாசித்தார் என்று போன மாதம் சொன்னார். நேற்று போனில் கூப்பிட்டு, "எய்யா, அது கல்யாணி இல்ல, கரகரப்பிரியா. அடிச்சு எழுதிக்கோ" என்றார். அடித்து எழுதிக்கொண்டேன்.